கோவலென்கோவும் கொவால்ஸ்கியும் உறவினர்களா?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். கேட்டவரின் அலுவலகத்தில் உக்ரைன் நாட்டவரான ஒரு கோவலென்கோவும், போலந்து நாட்டவரான ஒரு கொவால்ஸ்கியும், செர்பியரான ஒரு கோவாச்செவிச்சும் வேலை செய்கிறார்கள். பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் மூவரும் ஏதோ ஒரு பழைய வம்சத்தின் கிளைகளா என்று அவர் கேட்கிறார். இவை தொழிற்பெயர்கள் என்று யாரோ சொன்னதால், நம் ஊர்ச் சாதிப் பெயர்களைப் போல இவற்றை எடுத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது கேள்வி. போலந்துக்காரரின் மனைவி தம் பெயரைக் கொவால்ஸ்கா என்று எழுதுவது ஏன் என்பது மூன்றாவது.

பெயர் ஒத்திருப்பதால் மூவரும் உறவினர்களாகிவிட மாட்டார்கள். மூன்று பெயர்களுக்குள்ளும் இருப்பது ஒரே சொல், அவ்வளவுதான். இரும்பைக் காய்ச்சி அடிப்பதைக் குறிக்கும் 'கோவாதி' என்ற பழைய ஸ்லாவிய வினையிலிருந்து கொல்லரைக் குறிக்கும் பெயர் ஒவ்வொரு மொழியிலும் சற்றே வேறுபட்ட வடிவில் பிறந்தது. உக்ரைனியத்திலும் போலிஷிலும் கொவால், செக் மொழியில் கோவார்ஷ், ஸ்லோவாக், செர்பிய, குரோவாசிய, ஸ்லோவேனிய மொழிகளில் கோவாச் என்று அது வழங்குகிறது. ருஷ்யர்கள் மட்டும் குஸ்னெத்ஸ் என்று சொல்வார்கள். காதுக்கு வேறு சொல்லாகத் தோன்றினாலும் அதுவும் அதே வேரிலிருந்து வந்ததே. ஸ்லாவிய மொழிக் குடும்பத்தைச் சேராத ஹங்கேரியர்கள்கூட இந்தச் சொல்லை அண்டை மக்களிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டார்கள். அங்கே கோவாச் என்பது மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் ஒன்று. ஆயிரக்கணக்கான ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கான கொல்லர்களின் பிள்ளைகளுக்குத் தனித்தனியே வாய்த்த பெயர் இது. அதனால் ஒரே நாட்டில் பிறந்த இரண்டு கோவலென்கோக்கள்கூட உறவினர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சொல்லைவிட அதன் வாலில்தான் செய்தி அதிகம். ருஷ்யப் பெயரான குஸ்னெத்சோவ் என்பதன் நேர்ப்பொருள் 'கொல்லன்' அன்று, 'கொல்லனுடையவன்' என்பதாகும். ஒரு பையனைப் பார்த்து 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டால் வருகிற பதில் அது. உக்ரைனிய 'என்கோ' விகுதி சிறியவன், பிள்ளை என்ற பொருளைத் தரும். அதனால் கோவலென்கோ கொல்லர் வீட்டுப் பிள்ளை ஆகிறார். அதே நாட்டின் மேற்குப் பகுதிகளில் 'உக்', 'சுக்' என்ற விகுதிகள் மிகுதி. கோவல்ச்சுக் என்ற பெயரைக் கேட்டால் அந்தக் குடும்பத்தின் வேரை வோலின், பொதோலியா பக்கம் தேடத் தொடங்கலாம். தென் ஸ்லாவியரின் 'இச்', 'எவிச்' விகுதிகளும் பிள்ளையைக் குறிப்பவைதாம். போலிஷில் கொவால்ச்சிக் என்பது கொல்லரின் மகனாகவோ பட்டறையில் தொழில் பழகிய இளைஞனாகவோ இருக்கலாம். குளிர்கால ஒலிம்பிக்கில் 2010-இலும் 2014-இலும் தங்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை யுஸ்தினா கொவால்ச்சிக்கின் பெயர் இந்த வகை. செக் மக்கள் பெரும்பாலும் விகுதி சேர்க்காமல் தொழிற்சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஜெர்மானிய அண்டை வீட்டாரும் அப்படித்தான் செய்தார்கள்.

உக்ரைனியப் பெயர்களின் பழமையை அறிய நமக்கு அருமையான ஆவணம் ஒன்று கிடைத்திருக்கிறது. கோசாக்குகள் எனப்பட்ட உக்ரைனியப் புல்வெளிப் போர்வீரர்களின் தலைவர் போக்தான் க்மெல்னித்ஸ்கி போலந்து அரசுடன் ஸ்போரிவ் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, 1649-இல் ஸாபரோஷியக் கோசாக் படையின் பெயர்ப் பதிவேடு எழுதப்பட்டது. பதினாறு படைப்பிரிவுகளில் ஏறத்தாழ 40,000 பேரின் பெயர்கள் அதில் உள்ளன. கொல்லர் மகன், நெசவாளர் மகன், செருப்புத் தைப்பவர் மகன் என்று வரிசை வரிசையாக வரும் அந்தப் பெயர்கள், குதிரையேறிப் போரிட்ட ஒரு படையின் பட்டியல் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

கொல்லர் பெயர் ஏன் இத்தனை நாடுகளில் இத்தனை பேருக்கு வாய்த்தது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பொருளின் மையம். ஊரில் கொல்லர்கள் நிறைய இருந்ததால் அன்று. ஊருக்கு ஒருவர் மட்டுமே இருந்ததால். பெயர் என்பது அண்டை அயலார் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துச் சொல்லப் பயன்படுத்தும் அடையாளம். ஐம்பது வீடுகளும் உழவர் வீடுகளாக இருக்கிற ஊரில் ஒருவரை 'உழவன்' என்று அழைத்தால் யாரைக் குறிக்கிறோம் என்று விளங்காது. ஆனால் கொழுவைத் தீட்டவும், குதிரைக்கு லாடம் அடிக்கவும், அரிவாள் வாங்கவும் எல்லாரும் போய் நிற்கிற பட்டறை ஒன்றே ஒன்றுதான். உழவரைக் குறிக்கும் ரதாய், ஒராச் போன்ற பெயர்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆயினும் மக்களில் மிகப் பெரும்பாலோர் உழுதே பிழைத்த நாடுகளில் அவை கொல்லர் பெயருக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. எந்த ஊரில் எந்தத் தொழில் மிகுந்திருந்தது என்பதற்கு இப்பெயர்களைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். குயவர்கள் மட்டுமே வாழ்ந்த ஊரில் 'குயவர் மகன்' என்ற பெயர் பிறக்க வழியில்லை.

ஆற்றங்கரையில் நீராலை வைத்து மாவு அரைத்துக் கொடுத்தவரும் அதே போல் ஊருக்கு ஒருவர். அவர் பெயரான மெல்னிக் இன்றைய உக்ரைனில் மிகப் பரவலான குடும்பப் பெயர். அதைத் தொடர்ந்து வரும் பெயர்களைப் பார்த்தால் ஒரு பழைய ஊரின் கைத்தொழில் தெருவே கண்முன் விரிகிறது: செருப்புத் தைப்பவரின் பிள்ளை ஷெவ்சென்கோ, கொல்லரின் பிள்ளை கோவலென்கோ, பீப்பாய் செய்பவரின் பிள்ளை பொந்தரென்கோ, நெசவாளரின் பிள்ளை த்காச்சென்கோ, தையற்காரரின் பிள்ளை க்ராவ்சென்கோ, செக்காட்டுபவரான ஒலீய்னிக். சுதந்திர உக்ரைனின் முதல் குடியரசுத் தலைவர் லியொனீத் க்ராவ்சுக் தையற்காரரின் பெயரையும், சோவியத் திரைப்பட இயக்குநர் செர்கேய் பொந்தார்ச்சுக் பீப்பாய்க்காரரின் பெயரையும் தாங்கியவர்கள். ருஷ்யாவில் நிலைமை வேறு. பெயராய்வாளர் விளாதீமிர் நிக்கோனோவ் ஐரோப்பிய ருஷ்யாவை, எந்தப் பெயர் எங்கே முதலிடம் வகிக்கிறது என்று பார்த்து நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். வடமேற்கு இவனோவ்களுக்கும், வோல்காவின் மேற்பகுதி ஸ்மிர்னோவ்களுக்கும், வடக்கு பப்போவ்களுக்கும், தென்கிழக்கு குஸ்னெத்சோவ்களுக்கும் உரியதாக அமைந்தது. அந்நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் கொவாலியோவ் என்ற பெயரும் உண்டு. உக்ரைனிய, பெலருஷ்யப் பேச்சு ருஷ்யப் பேச்சோடு கலக்கிற எல்லை அது.

இந்தப் பெயர்களை மொழிபெயர்க்கும்போது ஒரு பள்ளம் உண்டு. 'ஷீத்' என்ற பழைய வினைக்குத் தைத்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'ஷ்வெத்ஸ்' என்ற சொல் துணி தைப்பவருக்கும் பொருந்தும், தோல் தைப்பவருக்கும் பொருந்தும். ருஷ்யர்கள் அதைத் துணி தைப்பவருக்குக் கொடுத்தார்கள். உக்ரைனியர், போலியர், செக் மக்கள் செருப்புத் தைப்பவருக்குக் கொடுத்துவிட்டு, துணிக்காரருக்கு 'வெட்டுதல்' என்ற வினையிலிருந்து க்ராவெத்ஸ், க்ராவியெத்ஸ், க்ரெய்ச்சி என்று வேறு சொற்களை ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே ஷ்வெத்சோவ் என்ற ருஷ்யர் தையற்காரரின் வழி வந்தவர். ஷெவ்சென்கோ என்ற உக்ரைனியர் செருப்புத் தைப்பவரின் வழி வந்தவர். உக்ரைனியர் தங்கள் தேசியக் கவியாகப் போற்றும் தராஸ் ஷெவ்சென்கோ 1814-இல் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் ஓவியரிடம் தொழில் பழக விடப்பட்டார். ஓவியர் ப்ரியுல்லோவ் வரைந்த படம் ஒன்றைக் குலுக்கல் முறையில் விற்றுத் திரட்டிய 2,500 ரூபிளைப் பண்ணையாருக்குக் கொடுத்துத்தான் 1838-இல் அவரை விடுவிக்க முடிந்தது. பெயரில் செருப்பு தைப்பவர், பிறப்பில் அடிமை, பயிற்சியில் ஓவியர், வாழ்வில் கவிஞர். தொழிற்பெயர் ஒரு மனிதரைப் பற்றி எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நம் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு பெயர் கலாஷ்னிகோவ். 1949-இல் சோவியத் படை ஏற்றுக்கொண்ட ஏகே துப்பாக்கியை வடிவமைத்த மிகையீல் கலாஷ்னிகோவ் 1919-இல் அல்தாய்ப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பெயர் ஒரு ரொட்டியிலிருந்து வருகிறது. 'கலாச்' என்பது வெள்ளைக் கோதுமை மாவைப் பிசைந்து, பூட்டைப் போல ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் கைப்பிடிபோல மெலிந்தும் இருக்கும்படி சுடுகிற ரொட்டி. அதைச் சுட்டு விற்றவர் கலாச்னிக். மாஸ்கோ வட்டாரப் பேச்சில் அந்த 'ச்'சும் 'ன்'னும் சேருமிடம் 'ஷ்ன்' என்று மென்மையாகிவிடும். மாஸ்கோ நகரில் கலாஷ்னி என்ற சந்து இன்றும் இருக்கிறது. அந்த ரொட்டி சுட்டவர்கள் குடியிருந்த இடம். உலகமெங்கும் துப்பாக்கியின் பெயராகிப்போன சொல், தொடக்கத்தில் அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியின் பெயர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

'னிகோவ்' என்று முடியும் ருஷ்யப் பெயர்களில் இப்படி ஒரு சந்தையே அடங்கியிருக்கிறது. கொப்பரை செய்தவர் வழியில் கொத்தேல்னிகோவ், தொப்பி தைத்தவர் வழியில் ஷாப்போஷ்னிகோவ், மெழுகுவத்தி செய்தவர் வழியில் ஸ்வேச்னிகோவ், சல்லடை கட்டியவர் வழியில் ரெஷேத்னிகோவ் வருகிறார்கள். தகவல் தொடர்பியலில் மாதிரியெடுப்புத் தேற்றத்தை 1933-இல் வெளியிட்ட விளாதீமிர் கொத்தேல்னிகோவைப் பொறியியல் படித்தவர்கள் அறிந்திருக்கலாம். இவற்றுள் த்ஸெலவால்னிகோவ் என்ற பெயர் விளக்கம் வேண்டுவது. அதன் நேர்ப்பொருள் 'முத்தமிடுபவருடைய பிள்ளை' என்பதாகும். வரி தண்டுவதற்கும் அரசுச் சாராயத்தை விற்பதற்கும் அமர்த்தப்பட்டவர்கள், நேர்மையாக நடப்போம் என்று சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியமே பதவியின் பெயராயிற்று.

மறைந்துபோன தொழில்களைக் காத்துவைத்திருப்பதும் இப்பெயர்களே. கிரைமியாவிலிருந்து மாட்டுவண்டிகளில் உப்பும் உலர்மீனும் ஏற்றிக்கொண்டு புல்வெளிகளைக் கடந்து வந்த வணிகர்களை உக்ரைனில் சுமாக் என்பார்கள். சங்கப் பாடல்களின் உமணரை அறிந்த நமக்கு அந்தக் காட்சி எளிதில் விளங்கும். ரயில் வந்ததும் அவர்கள் மறைந்தார்கள். ஆனால் சுமாக், சுமாச்சென்கோ என்ற பெயர்கள் நிற்கின்றன. வானத்துப் பால்வீதியை உக்ரைனியர் இன்றும் 'சுமாக் வழி' என்றுதான் அழைக்கிறார்கள். போர்த்னிகோவ், பார்த்னிக் என்ற பெயர்கள் காட்டுத்தேன் எடுப்பவர்களுடையவை. உயிருள்ள மரத்தில் உயரத்தில் பொந்து குடைந்து, தேனீக்களைக் குடியேற்றி, கயிறு கட்டி ஏறித் தேன் எடுப்பது அந்தத் தொழில். போலந்திலும் பெலருஸிலும் அதை இன்னும் செய்கிறவர்கள் உண்டு. 2020-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தொழிற்சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்த்தால் அந்த நாட்டை யார் ஆண்டார்கள், யார் தொழில் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் தெரியவரும். இன்றைய மேற்கு உக்ரைனிலுள்ள லிவிவ் நகரம் 1356-இல் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரச் சட்டத்தைப் பெற்றது போல, பல நகரங்கள் ஜெர்மானிய முறையிலான நகராட்சியையும் கைவினைச் சங்கங்களையும் ஏற்றன. அந்த வழியாக ஜெர்மன் தொழிற்சொற்கள் போலிஷுக்கும் உக்ரைனியத்துக்கும் வந்தன. வண்டிச் சக்கரம் செய்பவருக்கு ஸ்தெல்மாக், பூட்டுச் செய்பவருக்கு ஸ்லியூசார், மயிர்த்தோல் தைப்பவருக்கு குஷ்னீர் என்று வழங்கும் பெயர்கள் ஜெர்மன் மூலம் கொண்டவை. எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது: ஜெர்மனியில் பரவலான க்ரெட்ஷ்மர் என்ற பெயர், சாராயக்கடையைக் குறிக்கும் 'கர்ச்மா' என்ற ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது.

பால்கன் நாடுகளில் பல நூற்றாண்டுகள் உஸ்மானியர் ஆட்சி நடந்ததால் அங்கே துருக்கிச் சொற்கள் நிறைந்தன. தையற்காரர் தெர்ஸி, அவர் வழியில் செர்பிய, பொஸ்னிய மக்களிடையே தெர்ஸிச், பல்கேரியரிடையே தெர்ஸியேவ். பொற்கொல்லர் வழியில் குயுந்ஜிச். முரட்டுக் கம்பளித் துணி தைப்பவர் வழியில் அபஜியேவ். பல்கேரிய பளுதூக்கும் அணியை உலகத்தின் முன்னணிக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் இவான் அபஜியேவின் பெயர் அது. ஒரு தொழிலைச் செய்பவரைக் குறிக்கும் இந்தத் துருக்கிய 'ஜி', 'சி' விகுதி நமக்கும் புதியதன்று. பொருளாளரைக் கஜாஞ்சி என்கிறோமே, அந்தக் கடைசி எழுத்து அதே விகுதிதான். 'கஜானா' என்ற அரபுச் சொல், பாரசீகம் வழியாக வந்து துருக்கிய விகுதியை ஏற்று, இந்துஸ்தானி மூலம் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அதே கூட்டுச்சொல் வடக்கே துருக்கிய மக்கள் வழியாக ருஷ்யாவுக்குப் போய் 'கஸ்னச்சேய்' ஆயிற்று; அதிலிருந்து கஸ்னச்சேயெவ் என்ற குடும்பப் பெயர் பிறந்தது. கஜாஞ்சியின் பிள்ளை என்று அதை அப்படியே தமிழில் சொல்லிவிடலாம்.

இனி எச்சரிக்கைகள். உங்கள் கொவால்ஸ்கியின் முன்னோர் கொல்லரே அல்லாமல் இருக்கலாம். 'ஸ்கி' விகுதி முதலில் ஓர் ஊரை உடைமையாகக் கொண்ட பிரபுக்களுக்கு உரியது. கொவால் என்ற ஊரும், கொவாலே என்று பல சிற்றூர்களும் போலந்தில் உள்ளன. கொவால் ஊரில்தான் போலந்தின் மாமன்னர் கஸீமியெர் 1310-இல் பிறந்தார். அந்த ஊர்ப்பெயர்கள் பழங்காலத்தில் அரசருக்காக ஒரே தொழிலைச் செய்த கிராமங்களை நினைவூட்டுகின்றன. கேடயம் செய்த ஷிச்சித்னிகி, வல்லூறு பழக்கிய சொக்கொல்னிகி, நாய் வளர்த்த ப்ஸாரி என்று அவை இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. எனவே கொவால்ஸ்கி என்பது கொல்லரின் பிள்ளையையோ, கொல்லர் பெயர் கொண்ட ஊரிலிருந்து வந்தவரையோ, பிற்காலத்தில் 'ஸ்கி' விகுதியின் மதிப்பைக் கண்டு ஒட்டவைத்துக்கொண்ட குடும்பத்தையோ குறிக்கலாம். இன்று 'யான் கொவால்ஸ்கி' என்றால் போலந்தில் சராசரி மனிதர் என்று பொருள். பிரபுக்களின் விகுதி அவ்வளவு தூரம் பரவிவிட்டது.

நிகோலா தெஸ்லாவின் பெயரும் இப்படித்தான். 'தெஸ்லா' என்றால் மரம் செதுக்கும் வாச்சி. முன்னோரில் ஒருவர் தச்சராக இருந்தார் என்றும், குடும்பத்தாரின் முன்பற்கள் வாச்சிபோல் நீண்டிருந்ததால் வந்த பட்டப்பெயர் என்றும் இரண்டு விளக்கங்கள் உண்டு. தெஸ்லாவின் தந்தையோ ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். செக் இசையமைப்பாளர் அந்தோனின் த்வோர்ஷாக்கின் பெயர் பெரும்பண்ணை வீட்டைச் சேர்ந்தவரைக் குறிப்பது. அவருடைய தந்தை நெலாஹோஸெவெஸ் ஊரில் இறைச்சிக்கடையும் சத்திரமும் நடத்தினார். பெயர் உறைந்துபோன கணத்துக்கும் நாம் அறிந்த மனிதருக்கும் நடுவே பல தலைமுறைகள் ஓடிவிடுகின்றன. அந்தக் கணமும் நாட்டுக்கு நாடு வேறு. கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து திருச்சங்கம் 1563-இல் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதால் கத்தோலிக்க நாடுகளில் பெயர்கள் முன்பே நிலைபெற்றன. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் ஆண்ட நாடுகளில் இரண்டாம் யோசெப் மன்னர் 1780-களில் ஆணையிட்டு இறுக்கினார். ருஷ்ய உழவர்களில் மிகப் பலருக்கோ, 1861-இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் எழுத்தில் ஏறியது.

சாதி பற்றிய கேள்விக்கு வருகிறேன். இவை சாதிப் பெயர்கள் அல்ல. கொல்லர் பெயர் கொண்டவர் கொல்லர் பெயர் கொண்ட வீட்டில்தான் பெண்ணெடுக்க வேண்டும் என்ற வழக்கம் எங்கும் இருந்ததில்லை. பெயரைக் கேட்டதும் ஒருவரின் சமூகப் படிநிலையைச் சொல்லிவிடவும் முடியாது. பீங்கான் தொழிற்சாலைகளின் அதிபரான பெருவணிகர் மத்வேய் குஸ்னெத்சோவும், வட ருஷ்ய உழவர் குடும்பத்தில் பிறந்து சோவியத் கடற்படையின் தலைவரான நிக்கோலாய் குஸ்னெத்சோவும், பெயரறியாத எத்தனையோ பண்ணையடிமைகளும் ஒரே பெயரைத் தாங்கினார்கள். அந்தச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு கடுமையாக இருந்தது. ஆனால் அது பிரபு, வணிகர், குருமார், உழவர் என்ற சட்டப் பிரிவுகளில் இருந்தது, குடும்பப் பெயரில் இல்லை.

நம் கேள்விக்கு மிக அருகில் வருவது குருமார் பிரிவுதான். ருஷ்யாவில் பாதிரியாரின் மகன் குருமடத்தில் படித்து, இன்னொரு பாதிரியாரின் மகளை மணந்து, தானும் பாதிரியாராவது நெடுங்கால வழக்கம். வானொலி ஆய்வின் முன்னோடியான அலெக்சாந்தர் பப்போவ் பாதிரியாரின் மகனே. அவர் பெயருக்கும் 'பாதிரியாருடைய பிள்ளை' என்றுதான் பொருள். மத்திய ஐரோப்பாவில் தூக்கிலிடுபவர்களும் செத்த விலங்கின் தோலுரிப்பவர்களும் மதிப்பிழந்த தொழிலராக ஒதுக்கப்பட்டு, கைவினைச் சங்கங்களில் சேர முடியாமல், தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டதும் உண்மை. யூதர்களின் நிலை தனி. ஆஸ்திரியா 1787-இலும் ருஷ்யா 1804-இலும் அவர்கள் நிலையான பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டன. அப்போது பலர் தாம் உண்மையிலேயே செய்துவந்த தொழிலைப் பெயராக்கிக்கொண்டார்கள். சமய முறைப்படி விலங்கறுப்பவர் ரெஸ்னிக் ஆனார். தையற்காரரின் க்ராவெத்ஸ் அமெரிக்காவுக்குப் போய் க்ராவிட்ஸ் ஆயிற்று.

கடைசியாக, கொவால்ஸ்கியின் மனைவி. 'ஸ்கி' என்று முடியும் போலிஷ் பெயர் இலக்கணப்படி ஒரு பெயரடை. ஆணுக்கு 'ஸ்கி' என்றும் பெண்ணுக்கு 'ஸ்கா' என்றும் அது மாறியாக வேண்டும். கொவால்ச்சிக் என்பது பெயர்ச்சொல் ஆதலால் இன்று மாறாமல் நிற்கிறது. முன்பு மனைவியைக் கொவால்ச்சிகோவா என்றும் மணமாகாத மகளைக் கொவால்ச்சிகுவ்னா என்றும் தனித்தனியே அழைத்தார்கள். அந்த வழக்கம் அருகிவிட்டது. ருஷ்யாவில் குஸ்னெத்சோவின் மகள் குஸ்னெத்சோவா. உக்ரைனில் கோவலென்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. உங்கள் செர்பிய நண்பரின் கோவாச்செவிச்சும் அப்படியே. செக் நாட்டில் கோவார்ஷின் மனைவியும் மகளும் கோவார்ஷோவா ஆவார்கள். ஆனால் 2022 ஜனவரி முதல், விரும்பினால் பெண்களும் மாற்றமில்லாத கோவார்ஷ் என்ற வடிவையே பதிவு செய்துகொள்ளலாம் என்று அங்கே சட்டம் திருத்தப்பட்டுள்ளது.